நாய்க் காப்பகத்துக்கு நிதி திரட்ட ஒரு நிகழ்ச்சி: பிரியாணி போடலாமா, கூடாதா?

மலைக்கோட்டை மைனா:

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். திருச்சிக்கு வெளியே ஒரு சின்ன விலங்குக் காப்பகம், பதிவு பெற்ற அறக்கட்டளை, வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு இரண்டும் இருக்கிறது. அறுபது நாய்கள், பத்துப் பன்னிரண்டு பூனைகள், கண் தெரியாமல் போனதும் யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் கேட்டில் கட்டிவிட்டுப் போன ஒரு குதிரை. நாங்கள் பன்னிரண்டு பேர் ஞாயிறுதோறும் போய்க் கூட்டிக் கழுவி, புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு வருவோம். நிர்வாகத்தில் கிடையாது, வெறும் தொண்டர்கள்தான். பார்வோ (நாய்க்குட்டிகளுக்கு வரும் தொற்று வயிற்றுப்போக்கு) வந்த குட்டிகளைத் தனியாக வைக்க அங்கே இடமே இல்லை, தார்ப்பாய் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். தகரக் கூரை, இடுப்பளவு சுவர், கழுவிவிடத் தோதாக டைல்ஸ் தரை என்று ஒரு ஷெட் போட இரண்டரை லட்சம் ஆகும் என்கிறார் கொத்தனார். மருந்துக்கடை பாக்கி 42,000 தனி.

போன வருஷம் இதற்காக ஓர் இன்னிசை நிகழ்ச்சி நடத்தினோம். வசூல் 61,000. மண்டபம், மேடை, மைக் செட், பாட்டுக்குழு, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு, அவரோடு வந்த ஏழு பேருக்குச் சாப்பாடு எல்லாம் போகக் கையில் நின்றது 8,400. அவர் நாற்பது நிமிடம் பேசினார், அதில் நாய் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது. பொங்கலை ஒட்டி, எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் மைதானத்திலேயே ஒரு நாள் நிகழ்ச்சி என்று யோசிக்கிறோம். ஆனால் ஆரம்பத்திலேயே குழு இரண்டாக உடைந்துவிட்டது. ஒரு பக்கம், பிரியாணி ஸ்டால் போட்டால்தான் கூட்டம் வரும், டோக்கன் 150 வைத்தால் பாதி லாபம் என்கிறது. இன்னொரு பக்கம், விலங்குகளுக்குக் காசு சேர்க்க ஆட்டை வெட்டுவதா என்று கேட்டுவிட்டு வாட்ஸ்அப் குழுவை விட்டே வெளியே போய்விட்டது. குலுக்கல் சீட்டு அடித்து ஒரு மிக்சி பரிசு வைக்கலாம் என்று ஒரு யோசனை. குட்டிகளைக் கூடையில் கொண்டுவந்து வைத்தால் அங்கேயே தத்துப் போகும் என்று இன்னொன்று. பணம் வாங்க என் ஜிபே எண்ணைக் கொடுக்கலாமா? சிங்கப்பூரில் இருக்கும் என் பெரியம்மா மகன் ஐம்பதாயிரம் தருகிறேன் என்கிறான், அதை எப்படி வாங்குவது?

இன்னொரு சிக்கல். ஆகஸ்ட் 2025-இல் உச்ச நீதிமன்றம் டெல்லி நாய்களைப் பற்றி முதலில் ஓர் உத்தரவும் பதினோரு நாள் கழித்து அதில் திருத்தமும் சொன்னதிலிருந்து எங்கள் தெருவே இரண்டு கட்சி. நோட்டீஸில் தெருநாய் என்று போட்டாலே பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


கீரமங்கலத்துக்காரன்:

எங்கள் பக்கத்தில் இதற்குப் பரம்பரையாக ஒரு வழி இருக்கிறது: மொய் விருந்து. புதுக்கோட்டை, தஞ்சை எல்லையில் கீரமங்கலம், ஆலங்குடி, பேராவூரணி பக்கம் ஆடி, ஆவணியில் வந்து பாருங்கள். பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, சாப்பாடு போட்டு, வாசலில் நோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். போட்ட காசை எவர்சில்வர் பாத்திரத்தில் வாங்கிப் பெயர், ஊர், தொகை எழுதிக்கொள்வார். கடை வைக்கவும் கிணறு வெட்டவும் பிள்ளையைப் படிக்க வைக்கவும் வட்டியில்லாமல் பணம் புரளும் இடம் அது.

எங்கள் ஊரில் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவதற்கு நாங்கள் நாலைந்து பேர் இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டோம். நல்லாவே நடந்தது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் தம்பி (தங்கையா தெரியவில்லை, மன்னிக்கவும்). மொய் என்பது நன்கொடை இல்லை, திருப்பிச் செய்ய வேண்டிய கடன். வாங்கியதோடு கொஞ்சம் புதுநடையும் (கூடுதல் தொகை) சேர்த்துச் செய்யாவிட்டால் ஊரில் தலை காட்ட முடியாது. நாங்கள் பத்திரிகையில் "திருப்பிச் செய்ய வேண்டாத மொய்" என்று கொட்டை எழுத்தில் போட்டோம். அப்படியும் ஒருவர் 500 எழுதிவிட்டு, அடுத்த ஆடியில் எனக்குப் பத்திரிகை கொண்டுவந்து நீட்டினார். நாய்க்கு வந்த மொய்க்கு நான் போய் 600 செய்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இந்த முறையில் பலமே அந்த நோட்டுதான். ஒருவர் பெயரைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவது, பின்னால் நிற்பவர் காதில் விழும். முன்னாடி ஆள் 200 என்றால் அடுத்த ஆள் 100 சொல்லக் கூசுவார். உண்டியல் வைத்தால் இருபது ரூபாயை நாலாக மடித்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

சாப்பாடு விஷயம்: எங்கள் பக்கம் மொய் விருந்து என்றாலே ஆட்டுக்கறிதான். கறி இல்லை என்றால் எவன் வருவான் என்று எனக்கும் பயம் இருந்தது. பலாக்கொட்டையும் கத்தரிக்காயும் போட்டு ஒரு குழம்பு, கூட்டு, பாயசம் என்று முடித்துக்கொண்டோம். ஆள் கொஞ்சம் குறைந்தது உண்மை. சாப்பாட்டுச் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் உண்மை.


கணக்குப்பிள்ளை:

ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன், வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

குலுக்கலை இன்றே மறந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலிருந்து லாட்டரிக்குத் தடை, அதற்கு முன்பே 1979-இல் பரிசுத் திட்டங்களைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்துவிட்டது. நன்கொடைச் சீட்டு என்று பெயர் மாற்றி அடித்தாலும் காவல் நிலையத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லப்போவது நீங்கள்தான், மிக்சி கொடுத்த கடைக்காரர் இல்லை. திறமைக்குப் பரிசு கொடுங்கள், அது வேறு. ஓவியப் போட்டி, கோலப் போட்டி என்று நுழைவுக் கட்டணம் வைத்து நடத்தலாம்.

உங்கள் ஜிபே எண் வேண்டவே வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள், சந்தேகமில்லை. ஆனால் முந்நூறு பேர் ஒரே நாளில் உங்கள் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பினால் அது உங்கள் வருமானமா, ஊர்ப்பணமா என்று பின்னால் பிரிக்கவே முடியாது, வங்கி கேட்டால் பதில் சொல்லவும் முடியாது. அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே க்யூஆர் அட்டை வாங்கி, அதை மட்டும் வையுங்கள். முதல் நாளே ஒரு ரூபாய் அனுப்பி, திரையில் எந்தப் பெயர் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் போன ஒரு நிகழ்ச்சியில் ஒட்டியிருந்த க்யூஆர், அட்டையை லேமினேட் செய்துகொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரருடையதாக இருந்தது. தவறுதலாக நடந்ததுதான். ஆனால் கண்டுபிடிப்பதற்குள் பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள்.

ரொக்கம் 2,000-க்கு மேல் கொடுத்தால் 80ஜி வரிக் கழிவு கிடையாது. கழிவு வேண்டும் என்பவரிடம் பான் எண் வாங்க வேண்டும், நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் அறக்கட்டளை அந்தப் பட்டியலை வருமான வரித்துறைக்கு ஏற்றி, ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் எடுத்துத் தர வேண்டும். இதைச் செய்யாத அறக்கட்டளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அடுத்த வருஷம் அந்த நன்கொடையாளர் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்னொன்று, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 80ஜி கழிவே இல்லை. இப்போது நிறையச் சம்பளக்காரர்கள் அதில்தான் இருக்கிறார்கள், அதனால் நோட்டீஸில் பெரிதாக "வரி விலக்கு உண்டு" என்று போட்டு அதையே நம்பிக்கொண்டிருக்காதீர்கள். சாப்பாட்டு டோக்கன், போட்டிக் கட்டணம் இதெல்லாம் நன்கொடையே இல்லை, அதற்கு 80ஜி ரசீது கொடுக்கக்கூடாது. தனி ரசீதுப் புத்தகம் போடுங்கள்.

கீரமங்கலத்து அண்ணன் சொன்ன நோட்டு என் கணக்கிலும் சரி. பெயர், விலாசம் இல்லாமல் வரும் பணம் ஒரு லட்சம் அல்லது வருஷத்து மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. உண்டியல் வைத்துக் கண்டபடி வாங்கினால் அங்கே போய் முட்டும்.

சிங்கப்பூர் தம்பி கையில் எந்த பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால் வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் தாராளமாக அனுப்பலாம், தன் இந்தியக் கணக்கிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவும் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அதற்கென்று ஒரு கணக்கும் இல்லாத அறக்கட்டளை அதைத் தொடவே கூடாது. ஊருக்கு வரும்போது ரொக்கமாகக் கொடுக்கிறேன் என்பார். அதுவும் கூடாது.


கம்பவுண்டர் மாமா:

குட்டிகளைக் கூடையில் கொண்டுவருவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இருபது வருஷமாக உதவியாளர் நான்.

வேண்டாம். உங்கள் இடத்தில் பார்வோ இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயில் ஊற்றினால் சாகாது, பிளீச்சிங் கரைசல்தான் வேலை செய்யும். (டைல்ஸ் தரை போடுவது நல்ல யோசனை, அதைக் குறைத்துவிடாதீர்கள்.) நீங்கள் நல்ல குட்டி என்று நினைத்துக் கொண்டுவரும் ஒன்று மைதானத்தில் ஒருமுறை வெளிக்குப் போனால் போதும், அதே இடத்தில் மறுநாள் காலை நடைக்கு வரும் வீட்டு நாய்க்குட்டிகளுக்கு ஆபத்து. அப்புறம் உங்கள் சங்கமே உங்களை உள்ளே விடாது.

அங்கேயே தத்துக் கொடுப்பதும் அப்படித்தான். ஒரு முகாமில் பார்த்தேன், சின்னப் பெண் ஒன்று அழுது அடம்பிடித்தது, அப்பா சரி என்று ஒரு குட்டியைப் பிஸ்கட் அட்டைப்பெட்டியில் வைத்து ஸ்கூட்டரில் கொண்டுபோனார். நாலாம் நாள் காலை எங்கள் கிளினிக் ஷட்டரைத் தூக்கினால் அதே அட்டைப்பெட்டி, உள்ளே அதே குட்டி, மேலே ஒரு பால் பாக்கெட். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பெட்டியிலேயே பேனாவால் எழுதியிருந்தார்கள். பெயர் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டைப் போய்ப் பாருங்கள், அடுத்த வாரம் காப்பகத்துக்கு வரச் சொல்லுங்கள். அந்த ஒரு வாரத்தில் ஆசை வடிந்துவிட்டால் அது நல்லதுக்குத்தான்.

கட்டாயம் ஒரு நாய் வேண்டும் என்றால், எல்லா ஊசியும் போட்ட, கூட்டத்துக்குப் பழகிய பெரிய நாய் ஒன்று, காலையில் இரண்டு மணி நேரம் மட்டும். மைக் பக்கத்தில் கட்டாதீர்கள்.

குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு என்று சொல்லிக் காசு சேர்ப்பதாக இருந்தால் இன்னொன்று கவனியுங்கள். 2023-இல் வந்த விதிகளின்படி, தெருநாய்களுக்கு அதைச் செய்ய விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும், சாதாரணக் காப்பகம் எல்லாம் செய்யக்கூடாது. மாநகராட்சி மையத்தோடு பேசி அங்கே செய்ய வைக்கலாம். செய்து முடித்தபின் காது நுனியில் அடையாளம் வெட்டி, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காசு கொடுத்தவர் "எங்கள் தெருவிலிருந்து கொண்டுபோய்விடுவீர்கள்தானே" என்று கேட்பார். இல்லை என்று அப்போதே சொல்லிவிடுங்கள், வாங்கிவிட்டுச் சொல்லாதீர்கள்.


நொய்யல் கரை:

மைனா, கோவையிலிருந்து எழுதுகிறேன், ஆறு வருஷமாக இதுதான் எனக்கு வேலை என்று வீட்டில் திட்டு. உங்கள் கச்சேரிக் கணக்கைப் படித்துச் சிரித்தேன், எங்கள் முதல் வருஷமும் அதேதான், எங்களுக்கு மிச்சம் 3,000.

மேடை போடாதீர்கள். மேடை இருந்தால் விருந்தினர் வேண்டும், விருந்தினர் இருந்தால் பேச்சு, பொன்னாடை, ஃபிளெக்ஸ். எங்களுக்குத் தொகை சேர ஆரம்பித்தது மேடையை விட்டுவிட்டு ஒரு கரும்பலகை வைத்தபோதுதான். "ஷெட் கட்ட உதவுங்கள், இரண்டரை லட்சம்" என்று எழுதினால் ஐம்பது ரூபாய் கையில் வைத்திருப்பவர் நமக்கு இது எட்டாது என்று நகர்ந்துவிடுவார். பிரித்துப் போடுங்கள். ஒரு தகரம் இவ்வளவு, ஒரு மூட்டை சிமென்ட் இவ்வளவு, ஒரு பெட்டி டைல்ஸ், ஒரு வேன் மணல், கதவுக் கீல் ஒரு ஜோடி. யாராவது கொடுத்ததும் அந்த வரியை அவர் கண் முன்னாலேயே சாக்பீஸால் அடித்துவிட்டுப் பக்கத்தில் பெயரை எழுதுங்கள். எங்கள் நிகழ்ச்சியில் ஏழாவது படிக்கும் பையன் ஒருவன் கதவுக் கீலுக்குக் கொடுத்தான். ஷெட் கட்டி முடித்த பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து எந்தக் கீல் என்று கேட்டான். நான் பாட்டுக்கு ஒன்றைக் காட்டினேன், அவன் கதவை நாலு தடவை திறந்து திறந்து மூடிப் பார்த்தான்.

நாய் பிடிக்காதவர்களிடம்தான் முதலில் போக வேண்டும், இது என் அனுபவம். பிடித்தவர்கள் ஏற்கெனவே சொந்தக் காசில் சோறு வைத்து ஓட்டாண்டியாகி இருப்பார்கள். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், சோறு வைக்கும் பெண்களோடு தினமும் சண்டை, மாநகராட்சிக்கு மாதம் ஒரு மனு. அவரிடம் போய், ஐயா, உங்கள் வாசலில் இருக்கும் அந்தப் பெட்டை வருஷத்துக்கு இரண்டு ஈத்து போடுகிறது, அதற்கு ஆபரேஷன் செய்துவிட்டால் குட்டியும் இல்லை, அந்தப் பருவத்தில் பத்து ஆண் நாய்கள் கூடிக் கத்துவதும் இல்லை, பிடித்துக் கொண்டுபோய்க் கொண்டுவரும் வண்டிச் செலவும் மருந்துச் செலவும் இவ்வளவு என்றேன். கம்பவுண்டர் மாமா சொன்ன மாதிரி, திரும்ப இங்கேதான் விடுவோம் என்றும் சொன்னேன். அரைமணி நேரம் என்னைத் திட்டினார். உள்ளே போய்ச் செக் புத்தகத்தோடு வந்தார். உங்கள் நோட்டீஸிலும் தெருநாய் நலன் என்பதைவிட, வெறிநோய்த் தடுப்பூசி, குட்டி பெருகாமல் தடுப்பது என்று முதலில் போடுங்கள். பொய் ஒன்றும் இல்லையே அதில்.

கூட்டம் வரவழைக்க: மார்கழி வருகிறது, கோலப் போட்டி வையுங்கள். கட்டணம் 100, அரிசி மாவில் மட்டும் போட வேண்டும் என்று விதி. முதல் எறும்பு வரும்போதே பிள்ளைகள் வந்து குனிந்து பார்ப்பார்கள். ஒரு பெண் கோலம் போட வந்தால் வீட்டிலிருந்து மூன்று பேர் பார்க்க வருகிறார்கள், அந்த மூன்று பேர்தான் முறுக்கு வாங்குவார்கள். பழைய பேப்பரையும் சேர்த்து அறிவித்துவிடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் பரணில் கிடக்கிறது. பாதியை எடைக்குப் போடலாம், பாதி குட்டிகளுக்குக் கீழே விரிக்க ஆகும். பழைய போர்வை, கோணிச் சாக்கு கேளுங்கள். துணிமூட்டை மட்டும் வாங்காதீர்கள், கிழிந்த சுடிதார் மலையை என்ன செய்வது என்று நாங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.


உறையூர் ஓணான்:

எல்லாரும் பிரியாணியைச் சுற்றி நைசாக நழுவுகிறீர்கள். நான் கேட்கிறேன், காப்பகத்தில் அந்த அறுபது நாய்க்கும் தினமும் என்ன போடுகிறீர்கள்? குருணை அரிசியில் கோழிக்கால், கோழித்தலை போட்டு வேகவைத்துத்தானே? நாய்க்குக் கோழி போடலாம், நாய்க்குக் காசு கொடுக்க வருகிறவனுக்குப் போடக்கூடாதா? கறி சாப்பிடுகிறவர்கள் எல்லாம் விலங்கு மேல் அன்பு இல்லாதவர்கள் என்று ஒரு வாடை இந்தக் கூட்டங்களில் எப்போதும் அடிக்கும், அதனாலேயே எங்களை மாதிரி ஆட்கள் ஒதுங்கிவிடுகிறோம். எங்கள் தெருவில் வண்டி ஏறிய நாயைத் தூக்கிக்கொண்டு ஓடியவரே கறிக்கடைக்காரர்தான்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். பொங்கலை ஒட்டி வைத்தால் பெரிய சூரியூர் ஜல்லிக்கட்டும் அதே நாட்களில்தான், ஆளும் அங்கே போய்விடும். போகாத ஆட்களும் வந்து, "2014-இல் தடை வாங்கின கூட்டமா நீங்கள்" என்று கேட்பார்கள். 2017 மெரினா எல்லாம் யாருக்கும் மறக்கவில்லை. நீங்கள் தெரு நாய்க்கு ஷெட் கட்டுகிறவர்கள்தான், ஆனால் அதை மைக்கில் விளக்க ஆரம்பித்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.


நொய்யல் கரை:

ஓணான் சார், நீங்கள் சொல்வது நியாயம், அந்த வாடை எனக்கும் பிடிக்காது. கறி கூடாது என்று நான் சொல்வது கொள்கைக்காக இல்லை. ஒருவர் பிரியாணி அண்டாவையும் காப்பகத்தின் பேனரையும் ஒரே படத்தில் எடுத்துப் போட்டால் போதும், அடுத்த ஆறு மாதம் ஷெட்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். புளியோதரை, தயிர் சாதம், சுண்டல் என்று முடித்தால் கைக்காசும் மிச்சம், வெயிலில் கெட்டுப்போகும் பயமும் குறைவு. கறிக்கடைக்காரர் கதையைப் போட்டீர்களே, அருமை. மைனா, அப்படி ஓர் ஆள் உங்கள் பக்கம் இருந்தால் முதல் கோலத்துக்குப் பரிசு அவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். பேச்சு வேண்டாம்.


மலைக்கோட்டை மைனா:

எல்லாருக்கும் நன்றி. (அண்ணா, தங்கைதான்.) நேற்று இரவு எல்லாவற்றையும் குழுவில் படித்துக் காட்டினோம். தேதியை மாற்றியாயிற்று: ஜனவரி 11, ஞாயிறு, மார்கழிக்குள்ளேயே, காலை ஆறரைக்குக் கோலம், மதியம் ஒன்றுக்குள் முடித்துவிடுவோம். குலுக்கல் இல்லை, குட்டி இல்லை, மேடை இல்லை. சிங்கப்பூர்த் தம்பி போன வருஷமே குடியுரிமை வாங்கிவிட்டானாம், அதனால் அவன் பணம் இல்லை. அவன் அம்மா இங்கே தன் பென்ஷனிலிருந்து நான் தருகிறேன் என்கிறார், அது அவர் இஷ்டம். மைக்குக்கு மட்டும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

குழுவை விட்டுப் போனவர்கள் புளியோதரை என்றதும் திரும்பி வந்துவிட்டார்கள். பிரியாணிக் கட்சி இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் ஓணான் அண்ணன் எழுதியதைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து கூட்டத்தில் வாசித்ததில் அவர்களுக்குப் பாதி கோபம் போய்விட்டது. கரும்பலகைக்கான பட்டியலைக் கொத்தனாரோடு உட்கார்ந்து போட்டுக்கொண்டிருக்கிறோம், இதுவரை 83 வரி வந்திருக்கிறது. கீல் ஆறு ஜோடி.

கீரமங்கலத்து அண்ணாவுக்கு ஒரு கேள்வி. நோட்டு எழுத எங்கள் பொருளாளரின் மாமனார் ஒத்துக்கொண்டிருக்கிறார், கணீரென்ற குரல், ஆனால் காது கொஞ்சம் மந்தம். பெயரைச் சொல்ல ஓர் ஆள், எழுத ஓர் ஆள் என்றீர்களே, அவரை எதில் உட்கார வைப்பது?


கீரமங்கலத்துக்காரன்:

சொல்ல வையுங்கள் தங்கச்சி. எழுதுகிறவருக்குத்தான் காது வேண்டும். பணம் வாங்குகிற ஆள் பெயரையும் தொகையையும் துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடட்டும், அவர் பார்த்துப் படிப்பார். காது மந்தமானவர் சத்தமாகத்தான் படிப்பார், உங்களுக்கு மைக் செலவும் மிச்சம்.